அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதே

அஸ்தம்பட்டி, சேலம்
பங்குனி

அன்புள்ள பாப்பா,

எல்லாரும் நலம். நீ வீடியோவில் காட்டிய அட்டைப்பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், அதற்குள் சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

கிறிஸ்துமஸ் மரத்துச் சாமானைக் குப்பையில் போட மனசில்லை, வைக்க இடமும் இல்லை, பிள்ளைகளுக்கு ஈஸ்டர் லீவு வேறு வருகிறது, அதை வைத்து அவர்களை வசந்தப் படம் ஏதாவது ஒட்டச் சொல்லலாமா என்றாய். கண்ணாடி உருண்டையில் இரண்டு காது ஒட்டி முயலாக்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். காது ஒட்டினாலும் அது கிறிஸ்துமஸ் உருண்டைதான். முதலில் எல்லாவற்றையும் பிரி, வெட்டு, கிழி. எதிலிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. அப்புறம்தான் அது வெறும் நிறமாக, தாளாக, நூலாக உன் கைக்கு வரும். டிராயிங் மாஸ்டர் உத்தியோகத்தில் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் கத்தியது இதைத்தான்.

நீ இருக்கிற ஜெர்மனி ஹனோவர்காரர் ஒருவர், குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஓவியர், முதல் உலகப் போர் முடிந்த கையோடு டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், உடைந்த மரத்துண்டு என்று தெருவில் கிடந்ததை எல்லாம் ஒட்டிப் படமாக்கினார். 1919-லிருந்து அந்த வேலைக்கு ‘மெர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே ஒரு கட்டுமானமாக அதை வளர்த்தார். 1943 குண்டுவீச்சில் அது அழிந்தது. அதைத் திரும்பக் கட்டி உங்கள் ஊர் ஷ்ப்ரெங்கல் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப்போ. நான் புத்தகத்தில் மட்டும் பார்த்தவன்.

பெட்டியில் எனக்குக் கண் போனது வைக்கோல் நட்சத்திரங்கள் மேல்தான். நூலை அறுத்தால் குச்சி குச்சியாகப் பிரிந்துவிடும். வெந்நீரில் ஊறப்போடு. மெத்தென்று ஆனதும் நகத்தால் நீளவாக்கில் கீறி விரி. உள்பக்கம் மேலே வரும்படி வைத்து இஸ்திரி போடு. பளபளவென்று நாடாவாகிவிடும். நம் வெண்பட்டு வேட்டியின் ஜரிகைக் கரை போலவே, திருப்பி வைத்தால் வெளிச்சம் மாறும்: ஒரு நாடாவை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் ஒட்டினால் ஒன்று பொன், ஒன்று பழுப்பு. சாயம் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இஸ்திரி நீ போடு, ஒட்டுவதைப் பெரியவளிடம் விடு.

பசை கடையில் வாங்காதே. இங்கே கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை. அங்கே உருளைக்கிழங்கு மாவு கிடைக்குமே, அது போதும். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரை, பிறகு கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டு. கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கு. புத்தகம் பைண்ட் செய்பவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஆகாது. இரண்டு கிராம்பு தட்டிப் போடு.

இந்தப் பசை தாளுக்கும் துணிக்கும் வைக்கோலுக்கும்தான். ஜிகினா மாலை பிளாஸ்டிக், அதில் பிடிக்காது. ஊசி நூலால் அட்டையோடு தைத்துவிடு. தையல் வெளியே தெரியட்டும், அதுவும் ஒரு கோடுதானே. தூள் ஜிகினா வேண்டவே வேண்டாம். மக்காத பிளாஸ்டிக் தூளை உதிரியாக விற்க ஐரோப்பாவில் 2023 அக்டோபரிலேயே தடை வந்துவிட்டது. வீட்டுக்காரப் பாட்டி கொடுத்த பழைய வெள்ளி இழைகள் கையில் கனமாகத் தொங்கினால் ஈயம் கலந்ததாக இருக்கும். சின்னவன் எதையும் வாயில் வைப்பான். அதை எடுத்துத் தனியே வை.

கண்ணாடி உருண்டைகளைத் தொடாதே. துரிங்கியா பக்கம் லௌஷா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ஊதிச் செய்கிறார்கள். அதை வெட்டிக் கெடுப்பது பாவம்.

கிறிஸ்துமஸ் வரை நாளுக்கு ஒரு ஜன்னலாகத் திறக்கும் அட்வென்ட் காலண்டரின் 24 ஜன்னல்களும் திறந்து கிடக்கிறதல்லவா? அந்த அட்டையைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்கச் சொல். நார் ஓடும் பக்கம் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் பிசிறடிக்கும். அந்தப் பிசிறில் மரப்பட்டை வந்துவிடும். ஈரத்தாள் காயும்போது அட்டையை வளைத்து இழுக்கும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, மேலே கனமான புத்தகம் வை.

என்ன படம் செய்வது என்று கேட்டாய். பெரியவள் தாத்தா ஊர்க் காப்பிப்பூ செய்ய ஆசைப்படுகிறாளாம். சந்தோஷம்தான். ஏற்காட்டில் கோடை மழை ஒன்று விழுந்தால் எட்டுப் பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசம், இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். ஆனால் அவள் அதைப் பார்த்ததில்லையே. போட்டோவைப் பார்த்து வெட்டினால் பூ வரும், வசந்தம் வராது. உன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இலை துளிர்க்கும் முன்னாலேயே மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஒரு புதர், ஃபோர்சித்தியா என்றாயே, அதன் அடியில் அவளை உட்கார வை. எத்தனை இதழ் என்று அவளே எண்ணட்டும். நீ சொல்லிவிடாதே. அந்த மஞ்சளுக்கு வைக்கோலை விட்டால் வேறு சாமான் இல்லை.

முடிந்ததும் பின்பக்கம் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதச் சொல். பேனா மை பசை ஈரத்தில் ஊறும்.

அம்மா மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடாம் பிழிந்திருக்கிறாள், காக்கைக் காவல் எனக்கு. அடுத்த வாரக் கூரியரில் வடாமோடு, கிழிந்துபோன என் வெண்பட்டு வேட்டியின் கரையையும் வைத்து அனுப்புகிறேன். பத்திரப்படுத்தாதே, வெட்டிக்கொள்.

அன்புடன்,
அப்பா