காஸ்டிங் ஷீட்டின் கடைசி வரி: பன்னாட்டு ஆடை நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உங்கள் கடைகளில் தொங்கும் பின்னலாடைகளில் பல, நான் பதினொரு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக (வாங்குநருக்கும் ஆலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிப்பவராக) வேலை பார்த்த திருப்பூரிலிருந்து வருபவை. உங்கள் மின்னஞ்சலுக்கும் தையல் மேசைக்கும் நடுவில் இருந்த அனுபவத்தில் இம்மடலை எழுதுகிறேன்.

தொழிலாளர் சுரண்டல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நீங்கள் தொழிற்சாலை முதலாளியையே சுட்டிக்காட்டுகிறீர்கள். முதலாளிகளின் குற்றத்தை மறைப்பது என் நோக்கமன்று. மிகைநேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது இந்தியச் சட்டம். அதைக் கொடுக்காதவருக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. ஆனால் அந்தச் சுரண்டலின் முதல் கணக்கு எழுதப்படுவது, ஓர் ஆடையின் விலையை வரிவரியாகக் கணக்கிடும் காஸ்டிங் ஷீட்டில் என்பதை, நூற்றுக்கணக்கான முறை அதைத் தயாரித்தவர் என்ற முறையில் சொல்லியாக வேண்டும்.

ஒரு டி-சர்ட்டின் விலையில் நூலுக்கு ஒரு வரி, நிட்டிங்குக்கு ஒரு வரி, சாயத்துக்கு ஒரு வரி, பிரிண்டிங்குக்கு ஒரு வரி இருக்கும். நூல் விலையை மில்காரர் சொல்லுவார். அதில் பேரம் அதிகம் செல்லாது. சாயக்கூலியும் அப்படித்தான். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பாழானதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் சுத்திகரிக்கும் செலவைச் சேர்க்காமல் அங்கே யாரும் விலை சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் பிறகு, "இன்னும் பத்து சென்ட் குறையுங்கள், இல்லையென்றால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும்" என்று நீங்கள் எழுதும்போது, குறைப்பதற்கு மிஞ்சியிருப்பது கட்டிங், தையல், பிசிறு நூல் வெட்டுதல், பேக்கிங் எல்லாம் சேர்ந்த கூலி வரி ஒன்றுதான். என் கையாலேயே அந்த எண்ணை அழித்து வேறு எண் எழுதியிருக்கிறேன். அழிக்கும்போது அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

விலைக்கு அடுத்தது நாள். ஷிப்மெண்டுக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு வாங்குநர் கழுத்து லேபிளின் வாசகத்தை மாற்றச் சொன்னார்; கப்பல் தேதியை மட்டும் மாற்ற மறுத்துவிட்டார். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு எங்கள் தலையில் விழும் என்பது ஒப்பந்தம். ஐந்து நாள் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் ஓடியது. அதாவது காலை எட்டரைக்கு வந்தவர்கள் நள்ளிரவு தாண்டி வீடு திரும்பினார்கள். நான்காம் நாள் இரவு நான் செக்கிங் பகுதிக்குப் போனபோது, பிசிறு வெட்டும் பெண் ஒருவர் இடது கையால் பீஸைத் திருப்பிக்கொண்டே வலது காலால் பக்கத்திலிருந்த துணிக்கட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். கட்டின் மேல் அவருடைய மூன்று வயதுக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. லேபிள் மாற்றத்துக்கு நாங்கள் ஒப்புதல் தந்த மின்னஞ்சலில் "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தது நான்தான்.

இவற்றைக் கண்டறியத்தான் ஆடிட் (ஆலை ஆய்வு) வைத்திருக்கிறோம் என்பீர்கள். ஆடிட் நாளன்று கழிவறைகளில் புது சோப்பு வரும். மாலையில் அது ஸ்டோருக்கே திரும்பிவிடும். "எத்தனை மணி நேரம் வேலை?" என்ற கேள்விக்கு "எட்டு" என்ற பதிலை முந்தைய நாளே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்திருப்பார். வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும். இது எங்கள் ஊரின் தனிக் கெட்டிக்காரத்தனம் அன்று. 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அலி என்டர்பிரைசஸ் ஆலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நிலைமைக்கான எஸ்ஏ 8000 தரச் சான்றிதழ் பெற்றிருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்திலிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டனர். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். ஷிப்மெண்ட் நெருக்கடியை அனுபவித்த எவருக்கும் அந்த அழைப்பு ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்த வங்கதேச பாதுகாப்பு உடன்படிக்கை, நீங்கள் நினைத்தால் எதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொறியாளர்கள் சுதந்திரமாக ஆய்வு செய்தார்கள். பழுதைச் சரிசெய்யாத ஆலைக்கு ஆர்டர் இல்லை என்பது விதியானது. திண்டுக்கல்லிலும் இதுபோன்ற ஒன்று நடந்தது. மேற்பார்வையாளரின் பாலியல் தொல்லைக்கு ஆளாகி 2021 ஜனவரியில் ஓர் இளம் தலித் தொழிலாளி கொலையான பின், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பெண்கள் விடாமல் போராடி, 2022-இல் ஆலை நிர்வாகத்தையும் ஹெச் அண்ட் எம், கேப், பிவிஹெச் நிறுவனங்களையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் தையல் வரிசைக்குள் இருந்தார்கள். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன. ஏறத்தாழ எல்லாமே தீர்க்கப்பட்டன. சொல்லிக்கொடுத்த பதிலைக் கேட்டுக்கொண்டு மாலையில் விமானம் ஏறும் ஆய்வாளரிடம் அந்தப் பெண்கள் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் விலையைத் தொடவில்லை. 2023-இல் வங்கதேசத் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா (அந்நாட்டு நாணயம்) கூலி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், கிடைத்தது 12,500. கூலி உயர்ந்தால் வாங்குநர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சமே ஒவ்வொரு நாட்டிலும் முதலாளிகள் சொல்லும் முதல் காரணம். அந்த அச்சத்தை நீக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டுமே.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஓர் ஆடையைத் தைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த நிமிடங்களுக்கு உரிய கூலியைப் பேரத்துக்கு அப்பாற்பட்ட தனி வரியாகக் காஸ்டிங் ஷீட்டில் எழுதுங்கள்; அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் நாளிலேயே அந்த வரியும் உயரட்டும். உயர்த்திய பணத்தை முதலாளி தன் பையில் போட்டுக்கொள்வார் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே. அதனால்தான் அந்தத் தொகை தொழிலாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் உரிமையைத் தொழிற்சங்கத்துக்கு ஒப்பந்தத்திலேயே கொடுக்கச் சொல்கிறேன். டிசைனையோ லேபிளையோ நீங்கள் மாற்றினால் ஷிப்மெண்ட் தேதியும் நகர வேண்டும். மீறல் தெரிந்தவுடன் ஆர்டரைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். அப்படிச் செய்தால் முதலில் வேலை இழப்பவர் புகார் சொன்ன பெண்ணாகவே இருப்பார்.

அடுத்த பருவத்துக்கான விலையைக் கேட்டு உங்கள் அலுவலகங்களிலிருந்து மின்னஞ்சல்கள் விரைவில் கிளம்பும். நான் சொன்ன அந்தத் தனி வரியை அந்த மின்னஞ்சலிலேயே சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரின் முன்னாள் மெர்ச்சண்டைசர் ஒருவர்