கதிரின் நோட்டும் ஒரு நாரத்தங்காய்க் கணக்கும்

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கணக்குச் சொன்னால் மைனஸ் எல்லாம் காற்றோடு போய்விடுகிறது. இந்தக் கணக்கில் வில்லங்கமே மைனஸில்தான்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கதிரின் நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தேன். "கவனமே இல்லப்பா இவனுக்கு" என்றாய். அது சரியில்லை. அவன் கவனமாகத்தான் போட்டிருக்கிறான்.

கணக்கு இது: 5 எக்ஸ் + 2 ஒய் = 16. 5 எக்ஸ் − 3 ஒய் = 1. நீக்கல் முறைதான் என்று கண்டுபிடித்து, மேலிருந்து கீழே உள்ளதைக் கழித்திருக்கிறான். 5 எக்ஸ் அடிபட்டது. 16-இல் 1 போக 15, அதுவும் சரி. ஒய் வரும் இடத்தில் மட்டும் இரண்டிலிருந்து மூன்றைக் கழித்து −ஒய் = 15 என்று எழுதிவிட்டான். ஒய் = −15. அதை முதல் சமன்பாட்டில் போட்டு எக்ஸ் = 9.2 என்று எடுத்திருக்கிறான்.

அதற்குக் கீழே பென்சிலில் சின்னதாக ஒரு வரி இருக்கிறது, பார்த்தாயா? 46 − 30 = 16. பக்கத்தில் டிக். பிள்ளை சரிபார்த்திருக்கிறான், கோமு! ஆனால் எந்தச் சமன்பாட்டிலிருந்து எக்ஸை எடுத்தானோ அதிலேயே திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறான். அது சரி என்றுதான் சொல்லும். திருடனிடமே சாட்சி கேட்டது போல. இரண்டாவதில் போட்டிருந்தால் 46 + 45 = 91 என்று வந்திருக்கும். வரவேண்டியது 1. அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பத்தாம் வகுப்பில் இதே தப்பை நீ செய்தபோது நான் நோட்டை வீசினேன். உனக்கு நினைவிருக்கும். "கழிக்கும்போது கீழே இருக்கிற குறியெல்லாம் மாறும், எத்தனை தடவை சொல்றது?" என்று கத்தினேன். ஏன் மாறுகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் நின்றவன் செய்கிற வேலையா அது?

கதிருக்கு இப்படிச் சொல். கி.பி. 628-லேயே கணித அறிஞர் பிரம்மகுப்தர் பிளஸ் எண்ணைத் தனம் என்றும் மைனஸ் எண்ணை ருணம், அதாவது கடன், என்றும் சொன்னார். கையில் இரண்டு ரூபாய் இருக்கிறது, கடைக்காரருக்கு மூன்று ரூபாய் தரவேண்டும். அவர் "போகட்டும் விடு" என்று கடனை அடித்துவிட்டால் மூன்று ரூபாய் லாபம்தானே? கடனைக் கழித்தால் கூடும். 2 ஒய்-யிலிருந்து −3 ஒய்-யைக் கழித்தால் 5 ஒய். ஒய் 3, எக்ஸ் 2. இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கச் சொல்.

நீக்கல் என்றால் என்ன என்று கேட்டால் டீக்கடைக்குக் கூட்டிப்போ. நேற்று 3 டீ, 2 வடை, 56 ரூபாய். இன்று 3 டீ, 5 வடை, 86 ரூபாய். வடை பத்து ரூபாய் என்று சொல்ல எக்ஸும் வேண்டாம், ஒய்யும் வேண்டாம். டீ இரண்டு நாளும் ஒன்று, அதனால் கூடிய 30 ரூபாயும் மூன்று வடைக்குத்தான். மீதியில் டீ 12. நாளைக்கு 6 டீ, 4 வடை, 112 ரூபாய் என்று இன்னொரு பில் வந்தால் அதில் புதுச் சேதி ஒன்றும் இல்லை, நேற்றைய பில்லையே இரண்டு மடங்கு ஆக்கியதுதான். அதுவே 120 என்றால் விலையை ஏற்றிவிட்டார்கள், இல்லை கூட்டலில் தப்பு. 'தீர்வு இல்லை' என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

அப்புறம் அவனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். என்னுடையது இல்லை. கி.பி. 850-ஐ ஒட்டி, ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீராச்சாரியார் எழுதிய கணிதசாரசங்கிரகத்தில் இருப்பது. ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் நம் சென்னையில்தான் அச்சானது. 9 நாரத்தை, 7 விளாம்பழம், இரண்டும் சேர்த்து விலை 107. 7 நாரத்தை, 9 விளாம்பழம் என்றால் 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

அவன் உடனே ஒன்றை ஒன்பதாலும் மற்றதை ஏழாலும் பெருக்க ஆரம்பிப்பான். தடுக்காதே, விடை வரும். முடித்த பிறகு, இரண்டையும் அப்படியே கூட்டிப் பார் என்று சொல். பதினாறு பதினாறாக வந்து 208 ஆகும், அப்படியானால் ஒரு ஜோடி 13. கழித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 3. மீதியை நீயே மனசில் போட்டிருப்பாய். அவனிடம் சொல்லிவிடாதே. அந்த இடத்தில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுது. எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய விளாம்பழத்தை வெல்லம் போட்டுப் பிசைந்து நானும் உன் அம்மாவும் தின்று தீர்த்தாயிற்று. நாரத்தங்காய் மட்டும் சுருள் சுருளாக நறுக்கி உப்புப் போட்டு மாடியில் காய்கிறது. அடுத்த மாதம் தோஹாவுக்கு வருகிற மாப்பிள்ளையின் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். நன்றாகக் காய்ந்ததா என்று அம்மா மூன்று தரம் பார்த்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா