தவறான டிரான்ஸ்ஃபர் கேஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
அம்பத்தூர் எஸ்டேட், சென்னை.

பொருள்: ஜிப்ஸி கிங் (2004 மாடல்) வண்டிக்கு வேறு மாடல் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) கொடுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேருக்குப் பேசிப் பேசித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் எடுக்கிறார். அவருக்கு நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் "செக் பண்ணிட்டுக் கூப்பிடறோம் சார்" என்று வைத்துவிடுவார். யாரும் கூப்பிட்டதில்லை. அதனால் எழுத்திலேயே தருகிறேன். பில் நகலும் ஆறு மாத வாரண்டி அட்டையும் இணைத்திருக்கிறேன்.

உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்கே நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் வண்டி 1300 சிசி. அதற்குரிய கேஸில் கியர் ரேஷியோ, சாதாரண ரோட்டுக்கான ஹையில் 1.409, கடினமான ஏற்றத்துக்கான லோவில் 2.268. நீங்கள் ரீகண்டிஷன் செய்து, பளபளவென்று பெயின்ட் அடித்து அனுப்பியது பழைய 970 சிசி ஜிப்ஸியின் கேஸ். மவுண்டிங் மூன்றிலும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதால் மாட்டும்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரோட்டில் ஏறிய பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது. டாப் கியரில் அறுபதைத் தாண்டினாலே இன்ஜின் அலறுகிறது. ஸ்பீடாமீட்டர் கேபிளும் அந்தக் கேஸிலிருந்துதானே வருகிறது? முள் ஒன்று காட்டுகிறது, செல்போன் ஜி.பி.எஸ். வேறொன்று காட்டுகிறது.

என் மெக்கானிக் அதைக் கழற்றி மேஜையில் வைத்து, ஹையில் போட்டு, இரண்டு பக்க ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்ட் மாட்டும் வட்டத் தகடு) சாக்பீஸால் கோடு போட்டார். பின்பக்க ஃபிளாஞ்ச் 10 சுற்று வர, உள்ளே வரும் பக்கம் 14 சுற்றுச் சுற்ற வேண்டும். இது கிட்டத்தட்ட 16 சுற்றியது. முழுவதையும் வீடியோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறீர்கள், நீல டிக் இருக்கிறது. பதில் மட்டும் இல்லை.

போனில் கேட்டதற்கு உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னது: "ஜிப்ஸின்னா எல்லாம் ஒண்ணுதான் சார்." சரி, அவருக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். நான் மறுபடி விளக்கியபோது சிரித்துக்கொண்டே, "இவ்ளோ பழைய வண்டியை வெச்சுக்கிட்டு புதுசு மாதிரி ஓடணும்னா எப்படி சார்? எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். எஃப்.சி. எடுத்து, ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்து, சட்டப்படி ஓடுகிற வண்டி அது. எடைக்குப் போடச் சொல்ல இவர் யார்? பழைய வண்டிக்காரர்களை நம்பித்தானே உங்கள் கடையே நடக்கிறது? புது ஜிப்ஸி எங்கே வருகிறது இப்போது?

இதே ஆள்தான் என்னை மாதவரம் குடோனுக்கு அலைய விட்டவர். "நேரா கொண்டு வந்தா மாத்திக் கொடுத்துடுவாங்க" என்றார். "இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே தம்பி, ஆள் இருப்பாங்களா?" என்று நான் கேட்டுத்தான் கிளம்பினேன். "எங்களுக்கு எல்லா நாளும் சர்வீஸ் உண்டு சார்" என்றார். வில்லிவாக்கம் ஷெட்டிலிருந்து குட்டி யானைக்கு வாடகை கொடுத்து, கேஸை ஏற்றிக்கொண்டு, ரெட்டேரி நெரிசலில் நின்று நின்று போய்ச் சேர்ந்தால், வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடக்கிறது. ஷட்டரில் சந்தனமும் குங்குமமும். வாட்ச்மேன் பெரியவர் மட்டும் இருந்தார். பாவம், அவர் என்ன செய்வார்? ஒரு காகிதத்தில் பொரியும் சுண்டலும் மடித்துக் கொடுத்து, "நாளன்னிக்கு வாங்கய்யா" என்றார். உங்கள் கம்பெனியில் என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பணம் கொடுத்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். ரூ. 28,000 கொடுத்தேன். கூடவே என் பழைய கேஸையும் எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டீர்கள். அதில் பேரிங் சத்தமும், லோவில் போட்டால் லிவர் நழுவுவதும்தான் குறை. ஆனால் அது என் வண்டிக்குச் சரியான கேஸ். இப்போது கேட்டால் பிரித்துப் போட்டாயிற்று என்கிறீர்கள். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் இதில் பாதி விலைக்கே கிடைத்திருக்கும். பில் உண்டு, வாரண்டி உண்டு என்று சொன்னதை நம்பித்தான் கையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்தேன்.

நான் வைத்திருப்பது சின்ன சிறுதானியக் கடை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி மண் பாதையில் ஏறிச் சாமை மூட்டை இறக்க இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை. மழை பிடித்துக்கொண்டது, வண்டி ஷெட்டில் நிற்கிறது. இந்த சீசன் வியாபாரமே போயிற்று. குறைந்தது இரண்டு லட்சம் நஷ்டம். மனஉளைச்சலுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

நான் கேட்பது நியாயமானது. 1300 சிசிக்குரிய கேஸை, ரேஷியோவைச் சுற்றிப் பார்த்து, ஷெட்டுக்கே கொண்டுவந்து மாற்றிக் கொடுங்கள். கழற்றி மாட்டிய கூலி, கியர் ஆயில், குட்டி யானை வாடகையும் சேர்த்துத் தர வேண்டும். முடியாதென்றால் முழுப் பணத்தையும் என் பழைய கேஸுக்கான விலையையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. சுமுகமாக முடிந்தால் சந்தோஷம்தான்.

இந்தக் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளில் முடியாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அந்தக் கேஸை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆணையத்தின் முன் வைத்துச் சுற்றிக் காட்டுவேன். தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைத் தள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பில்லில் பெயருள்ள வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பதில் பேசுவதானால் ஒர்க்‌ஷாப் ஆள் யாராவது என் மெக்கானிக்கிடம் நேரடியாகப் பேசட்டும். அவர் எண் பில்லின் பின்பக்கம் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பிடப் போய்விடுவார். அந்த எடைக்குப் போடச் சொன்ன தம்பி மட்டும் வேண்டாம்.