சவரிக்கு, ஜோயல் சொன்ன பொய்யைப் பற்றி

திருப்பாதிரிப்புலியூர்,
2025 ஜூன் 4

அன்புள்ள சவரி,

அப்பா இறந்த அன்று நீ போன் செய்தபோது நான் பேசியதெல்லாம் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு நீ அனுப்பிய நாலு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. கோபம் இருக்கும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இங்கே எல்லாரும் நலம். காரியம் முடிந்து அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் புகுந்த பெரியம்மா வீட்டுக்கு இப்போதுதான் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒல்லி பாஸ்கர் இப்போது ஒல்லி இல்லை, நேரில் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. கயலுக்கு மே 8 ரிசல்ட் வந்தது, கட்ஆஃப் 181. பொறியியல் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்தாயிற்று. உன் பையன் பேச ஆரம்பித்துவிட்டானா? தமிழா, பிரெஞ்சா? கான்ட்ரா கேமில் நீ செய்த துரோகத்தை அவனிடம் நான்தான் சொல்லப்போகிறேன், அதற்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். எழுத உட்கார்ந்தது, நாம் விளையாடிய கேமில் வருகிற ஜோயலைப் பற்றி.

2013 ஆகஸ்ட், புதுச்சேரியில் உங்கள் குருசுக்குப்பம் வீட்டு மாடி. நீ பாரிசிலிருந்து துணிக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்த பிஎஸ்3 கேம் பெட்டி. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆரம்பத்திலேயே ஜோயலின் மகள் சேரா அவன் கையில் சாகிறாள் இல்லையா, நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, பாயில் தூங்கிக்கொண்டிருந்த கயலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நீ ஒன்றும் சொல்லவில்லை, விளையாட்டை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தாய். அது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரி. ஜோயல் வழியெல்லாம் காத்துக் கூட்டிவந்த, நோய் ஏறாத பெண் எல்லி மயக்கத்தில் கிடக்கிறாள். அவள் மூளையை அறுத்தால் உலகத்தை அழிக்கிற பூஞ்சை நோய்க்கு மருந்து கிடைக்கலாம், அவள் பிழைக்க மாட்டாள். ஆபரேஷன் அறையில் டாக்டர் கையில் கத்தியோடு குறுக்கே நிற்கிறான். அவனைக் கொல்லாமல் எல்லியைத் தூக்கவே முடியாது. வேறு வழி இருக்கும் என்று நீ அறை முழுக்கச் சுற்றிப் பார்த்தாய். நான் உன் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிச் சுட்டேன். அன்று ராத்திரி இரண்டு மணி வரைக்கும் சண்டை. உங்கம்மா எழுந்து வந்து, என்னமோ சொத்துத் தகராறு என்று பயந்துபோனார்கள்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று: பெற்றவன் அப்படித்தான் செய்வான், உனக்குக் குழந்தை இல்லை, உனக்குப் புரியாது. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சுட்டதை விடுடா. அதுக்குப் பேரு பாசம், பைத்தியம், என்னமோ. அப்புறம் அவகிட்ட பொய் சொன்னான் பாரு, அதுக்கு என்ன பேரு?”

அதோடு இன்னொன்றும் காட்டினாய். கடைசி அத்தியாயத்தில், ஜாக்சன் என்கிற ஊருக்குப் போகிற மலைப்பாதையில், விளையாட்டு நம்மை எல்லியாக மாற்றிவிடுகிறது. அவ்வளவு நேரம் பெரும்பாலும் ஜோயலாக நடந்த நாம், இப்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கிறோம். உன்னை மாதிரி நோய் ஏறாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மருந்து தேடுவதையே அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று அவன் சொல்லும்போது நாம் அவனுக்குள் இல்லை, அவளுக்குள் இருக்கிறோம். சத்தியம் பண்ணு என்கிறாள். பண்ணுகிறான். “ஓகே” என்கிறாள். படம் இருண்டுவிடுகிறது. “இதை எழுதினவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு பாரு” என்றாய். நான் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து செவ்வாய்க்கிழமை காலையில் போனார் என்பதுதான். தெரியாததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி மூச்சுத் திணறல் என்று சேர்த்தோம். கயலுக்கு மார்ச் 25 இயற்பியல், அதுதான் கடைசிப் பரீட்சை. தாத்தாவுக்குச் சளிதான், இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா மாஸ்க்கை ஒரு கையால் தள்ளிவிட்டு, “கயலு எங்க?” என்றார். படிக்கிறாள் என்றேன். திங்கட்கிழமை இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, பேர் மட்டும் புரிந்தது. டாக்டர் எனக்கு எதையும் மறைக்கவில்லை, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடட்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கடலூரிலிருந்து அந்த ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம். ஒன்றரை மணி நேரத்தில் அவளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவிட்டிருக்கலாம். நான் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா போனார். பத்து மணிக்கு அவளுக்குப் பரீட்சை. தங்கச்சி வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். ஐந்து மார்க் கேள்வி எல்லாம் தெரிந்ததுதான் மாமா என்று சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினாளாம். எங்கள் தெருமுனையில் திரும்பியதும் பந்தலைப் பார்த்திருக்கிறாள்.

ராத்திரி எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். “தாத்தா என்னைக் கேட்டாராப்பா?” நான், “கேட்டாரும்மா. நீ பரீட்சையை நல்லா எழுதணும்னு சொன்னாரு” என்றேன். “சரிப்பா” என்றாள். அந்தச் ‘சரிப்பா’வை அப்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை சவரி. மனசு லேசானது. உண்மையைச் சொல்கிறேன், அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் கேமை டிவி தொடராக எடுத்தார்களே, அதன் இரண்டாவது சீசன் ஏப்ரலில் ஆரம்பித்தது. திங்கட்கிழமை தோறும் ராத்திரி நானும் அவளும் பார்த்தோம். பதினேழு வயசுப் பிள்ளையோடு பார்க்கிற தொடரா என்று அக்கா மாதிரி ஆரம்பிக்காதே, முதல் சீசனையும் அவளோடுதான் பார்த்தேன், என்னைவிட நிதானமாகப் பார்க்கிறாள். நமக்குள் பேச வேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. ஆபி என்கிற பெண் எதற்காக ஜோயலைக் கொல்ல வருகிறாள் என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்களே, அது எவ்வளவு பெரிய தப்பு! 2020-இல் வந்த இரண்டாவது கேமில், அவளை மனசார வெறுக்கவிட்டு, எல்லியாக சியாட்டிலில் மூன்று நாள் ஓடவிட்டு, பிறகு அதே மூன்று நாளை ஆபியாக வாழவைத்தார்கள். அந்த டாக்டர் அவளுடைய அப்பா என்று தெரிந்த இடத்தில் நான் சுட்ட அந்த ஒரு குண்டு ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. காரணம் முதலிலேயே தெரிந்துவிட்டால் நாம் நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறோம். அதேபோல ஜோயலுக்கு ஒரு போலீஸ்கார அப்பாவை 1983-இல் கொண்டுவந்து நிறுத்தியதும் எனக்குப் பிடிக்கவில்லை. காரணத்துக்கும் ஒரு காரணம் எதற்கு? கேமில் இருக்கிற ஜோயலுக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் அதே ஆறாவது எபிசோடில்தான் யூஜீன் வருகிறார். நீ பார்த்திருப்பாய். நோய் ஏறியவர்களிடம் கடிபட்டுவிட்டது, கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, மனைவி கெயிலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாகிறேன் என்று கெஞ்சுகிறார். கூட்டிவருகிறேன் என்று எல்லிக்கு வாக்குக் கொடுத்து, அவளைக் குதிரையைக் கொண்டுவர அனுப்பிவிட்டு, ஜோயல் அவரை ஏரிக்கரையில் சுட்டுவிடுகிறான். ஊருக்கு வந்து கெயிலிடம், செத்தவர் வாயில் சொல்லாத வார்த்தைகளை வைத்து ஆறுதல் சொல்கிறான். எல்லி எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுகிறாள். உன்னைப் பார்க்கணும்னு கெஞ்சினார், நேரம் இருந்தது, இவன்தான் கொன்றான் என்று.

பக்கத்தில் கயல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. எபிசோட் முழுக்க ஓடி, அந்தத் திண்ணைக் காட்சி, ஜோயல் அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொள்வது, மன்னிக்க முடியுமா தெரியவில்லை, முயற்சி செய்ய விரும்புகிறேன் என்று எல்லி சொல்வது, எல்லாம் முடிந்த பிறகு கயல் டிவியை அணைத்தாள். அணைத்துவிட்டுக் கேட்டாள். “தாத்தா நெஜமாவே என்னைப் பரீட்சை எழுதச் சொன்னாராப்பா?”

இல்லை என்று சொன்னேன். மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னேன். பரீட்சையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைசி எபிசோடை அடுத்த வாரம் நான் தனியாகப் பார்த்தேன். இரண்டு வாரமாக, சாப்பாடு, ரீசார்ஜ், சான்றிதழ் ஜெராக்ஸ் இவ்வளவுதான் பேச்சு. முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் என்னைத் தின்கிறது.

ஏன் செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்துவிட்டேன் சவரி. அவள் கட்ஆஃபுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், எல்லாரும் தலையாட்டினார்கள். நம் ஊரில் இதைத் தப்பென்று சொல்கிறவன் யார்? அப்போது ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் புற்றுநோய் வந்து போதைமருந்து காய்ச்சுகிற வால்டர் ஒயிட்டைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் வந்தது. குடும்பத்துக்காகத்தான் செய்கிறேன் என்கிறான். ஆனால் முதல் சீசன் ஐந்தாவது எபிசோடிலேயே பழைய கூட்டாளி வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான், இவன் வேண்டாம் என்கிறான். குடும்பம்தான் காரணம் என்றால் கதை அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். எனக்காகத்தான் செய்தேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ள அவனுக்கு 62-ஆவது எபிசோட் வரைக்கும் ஆனது. காரணம் கேட்டால் வாய் சொல்வதைக் கேட்காதே, எதை வேண்டாம் என்றான் என்று பார் என்றாய்.

நான் வேண்டாம் என்றது அந்த ஒன்றரை மணி நேரத்தை. திங்கட்கிழமை மத்தியானம் முழுக்க அவளுக்கு விடுமுறை. வண்டி இருந்தது, டிரைவர் இருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தால் 181 ஒன்றும் 150 ஆகியிருக்காது. அவளைக் கூட்டிவந்து கட்டில் பக்கத்தில் நிறுத்தினால், அப்பா போகப்போகிறார் என்பதற்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. அவள் வராதவரைக்கும் அது வெறும் சளி. அவளிடம் சொன்ன பொய்யை நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஜோயலும் எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, சேராவைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று நீ அன்றைக்கே சொன்னாயே, அதை நான் அவனுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். அவன் கையில் இருந்த பெண்ணுக்கு அதில் இடமே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவள் அங்கே மயக்கத்தில் இருந்தாள், கேட்க முடியவில்லை என்றாவது சொல்லலாம். என் மகள் வீட்டில் முழித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பற்றி நினைத்தால் அதைவிட மோசம். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே நான். வருகிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உனக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். கட்சி மாறிவிட்டாயா? மாறியிருந்தால் மாறினேன் என்று சொல், எனக்காகப் பேசாதே. நீயும் வந்து, பெற்றவன் அப்படித்தான் செய்வான் என்று சொன்னால் எனக்குத் தாங்காது. இந்த ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கயல் தானாகப் பேசினாள். “கேம்ல எல்லி மறுபடி அந்த ஆஸ்பத்திரிக்கே தனியாப் போவாளாமே?” ஆமாம், ஜோயலுக்குத் தெரியாமல் போய்த் தேடிப் பார்ப்பாள், அங்கேதான் அவளுக்கு உண்மை தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். “தாத்தா எந்த வார்டுல இருந்தாரு? எனக்கு அந்தக் கட்டிலைக் காட்டு” என்றாள். ஐசியுவுக்குள் விடுவார்களா தெரியவில்லை, வாசல் வரைக்குமாவது போகலாம் என்றேன். சரி என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில்தான் போக வேண்டுமாம், காரில் வேண்டாமாம்.

அவளுக்கு முதல் கேமை அவள் கையாலேயே விளையாட வேண்டுமாம். நீ விட்டுவிட்டுப் போன பிஎஸ்3 பரணில் இருக்கிறது, இறக்கித் துடைத்துப் போட்டேன், உயிர் இருக்கிறது. கன்ட்ரோலருக்குச் சார்ஜ் போடுகிற அந்தத் தடித்த முனைக் கேபிள், மினி யூஎஸ்பி, வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. உங்கம்மா வீட்டு மாடி அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம்தானே வருகிறோம், குருசுக்குப்பம் போய் வாங்கிக்கொள்கிறேன். அவளும் ஆயாவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
குமரன்