டலிச் ஓவியக்கூடம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாத முதல் சனிக்கிழமை தென் லண்டனில் உள்ள டலிச் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிச் செல்கிறோம். ஓவியங்களைவிடக் கட்டடத்தைப் பார்க்கவே போகிறோம்.

1811இல் காலமான சர் பிரான்சிஸ் பூர்ஷ்வா தாம் சேர்த்த ஓவியங்களை டலிச் கல்லூரிக்கு எழுதிவைத்தார். அவற்றுக்காக ஜோன் சோன் வடிவமைத்த இந்தக் கூடம் 1817இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சோன் ஒரு கொத்தனாரின் மகன். வெளிச்சுவர் வெறும் செங்கல்தான். அவருடைய கைவண்ணம் உள்ளே விழும் வெளிச்சத்தில் இருக்கிறது. சுவரில் யன்னல் வைத்தால் படம் மாட்ட இடம் குறையும், எதிர்ச்சுவர் ஓவியத்தின் வார்னிஷிலும் அந்த யன்னலே பளபளக்கும். ஆகவே கூரைக்கு மேல் கண்ணாடிக் கூண்டுகள் எழுப்பி, வெளிச்சத்தை அங்கிருந்து சுவர்களில் இறக்கினார்.

இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு வரவேண்டும். ஒரு சப்பாத்துப் பெட்டியின் உட்புறம் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். மட்டை நிறத்திலேயே விட்டால் இருட்டில் ஒன்றும் தெரியாது. நீளச் சுவர்களில் சிறு படங்களை ஒட்டி, குறுகிய பக்கத்தில் 1 செ.மீ. துளை போடுங்கள். மூடியின் நடுவே 10க்கு 6 செ.மீ. அளவில் வெட்டி, யன்னலோரம் வைத்துத் துளைவழியே பாருங்கள். வெளிச்சம் பெரும்பாலும் தரையில் விழும். பிறகு அந்த வெட்டைச் சுற்றி 4 செ.மீ. உயரத்துக்கு வெளிச்சம் ஊடுருவும் பேக்கிங் தாளால் (கேக் தட்டில் விரிக்கும் தாள்) நான்கு சுவர் எழுப்பி, மேலே மட்டையால் மூடுங்கள். இப்போது வெளிச்சம் சரிந்து படங்களின் மேல் விழும். மூலைகளை டேப்பால் நன்றாக அடைக்கவும். சிறு இடுக்கு இருந்தாலும் கோடாக வெளிச்சம் புகுந்து வித்தியாசத்தைக் கெடுத்துவிடும்.

கட்டடத்துக்குள்ளேயே ஒரு கல்லறை உண்டு. பூர்ஷ்வாவும், அவரோடு ஓவியங்களைச் சேர்த்த நோயல் டெசன்பான்ஸும், டெசன்பான்ஸின் மனைவி மார்கரெட்டும் அங்கே இருக்கிறார்கள். மங்கலான வட்ட அறையைக் கடந்ததும் மஞ்சள் கண்ணாடி வழியே பொன்னிற ஒளி. மிக அழகான இடம். பயப்படும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 1944இல் குண்டுவீச்சில் கூடம் பலத்த சேதமடைந்து, திருத்திய பின் 1953இல் மீண்டும் திறந்தது.

விக்டோரியாவிலிருந்து மேற்கு டலிச்சுக்கு ரயிலில் போய், அங்கிருந்து நடப்போம். பென்சிலும் வரைதாளும் போதும், பேனா வேண்டாம். மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். சம்மதப் படிவத்தை வரும் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தரவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்