உள்வாய்ச் சேற்றை விட்டுக்கொடுத்தவர்களுக்கு

எங்கள் குளத்துக்காகக் கூட நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்குக் கரையேறியபோது குளம் உபரிநீர் வழியும் மறுகால் விளிம்பு வரை பெருகிக் கிடந்தது. வாத்தும் நாமக்கோழியும் நிறைய. சேற்றோரத்தில் இரை பொறுக்கும் உள்ளான்களைத்தான் தேட வேண்டியிருந்தது. “மாசி கடைசியில வாங்க, தண்ணி வத்தட்டும்” என்றார் மடை பார்க்கும் தாத்தா. முதல் நன்றி அவருக்கே.

பிசான நெல் அறுப்பு முடிந்து போனோம். கரைக்கு உட்புறமான உள்வாய் முழுக்கச் சேறு. முழங்கால் தண்ணீரில் பவளக்கால் உள்ளான். சற்று இப்பால் கருவால் மூக்கன், நீண்ட அலகைக் கண் வரைக்கும் சேற்றில் செருகி நின்றது. வெறும் ஈரம் படிந்த ஓரத்தில் கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டே ஓடின. முப்பது கிராம் தேறாத உடம்பு. ஆர்க்டிக் பக்கம் திரும்பிப் பறக்க வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது.

பங்குனியில் கரம்பை, அதாவது வயலுக்கு உரமாகும் குளத்து வண்டல், அள்ள ஜேசிபி வந்தது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் தண்ணீர் நிற்கும், உள்ளானுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. மேற்கு உள்வாயை இப்போதைக்குத் தொட வேண்டாம், பிறகும் சரிவாகவே வெட்டலாம் என்று ஒத்துக்கொண்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கு நன்றி. வயலுக்குக் கரம்பை அடிக்கக் காத்திருந்த விவசாயிகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. நஷ்டம் உங்களுக்குத்தானே.

ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி அண்ணாச்சியை மறக்க முடியாது. கரம்பைக் கட்டியோடு கட்டியாகக் கிடந்த நான்கு ஆள்காட்டிக் குருவி முட்டைகளை அவர்தான் முதலில் பார்த்தார். சுற்றி உடைமுள் கொப்பு போட்டு, ஆடுகளை வேறு பக்கம் திருப்பிவிட்டார். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தது; அவர் அதனிடம் “இந்தா போறேன் தாயி” என்றார்.

2011 முதல் இந்தக் கணக்கெடுப்பை நடத்திவரும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்து நண்பர்களுக்கும் நன்றி. ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றில் ஒரு பங்கு தவறாமல் ஒரு நீர்நிலைக்கு வந்தாலே, ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கையான ராம்சாரின் விதிப்படி அது உலக முக்கியத்துவம் உள்ள இடமாகத் தகுதி பெறும். எண்ணினால்தானே அது தெரியும்! நம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவித்தார்கள். எங்கள் குளத்துக்கு அந்தப் பெயர் வராமல் போகலாம். ஆனால் அங்கே தண்ணீர் ஆழமாக நிற்கும் நாளில் உள்ளான்களுக்கு இங்கே சேறு வேண்டும்.

அப்புறம், விடியுமுன் கடை திறந்து கட்டஞ்சாயா தந்த அண்ணாச்சிக்கும் நன்றி. வைகாசி கடைசிக்குள் ஆள்காட்டிக் குஞ்சுகள் பறந்துவிடும். அதன்பிறகு மேற்குப் பக்கம் வண்டி கட்டுங்கள். கரம்பை அள்ள நாங்களும் மண்வெட்டியோடு வருகிறோம்.