கடைசி வரியில் இருந்த எஸ்எம்பிஎஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேமிங் கணினியை நாமே சாமான் வாங்கிச் சேர்ப்பது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக அலசியிருந்தார் கட்டுரையாளர். நல்ல உழைப்பு. ஆனால் பட்டியலின் கடைசி வரியில் 'எஸ்எம்பிஎஸ்: 450 வாட், ஏதாவது ஒன்று' என்று போட்டு முடித்துவிட்டார். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். நான் விருதுநகரில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருகிற வேலையில் ஒரு நல்ல பங்கு அந்த 'ஏதாவது ஒன்று' தருவதுதான். கட்டுரையாளரைக் கோபித்துக்கொள்வதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

போன மாதம் ஓர் அப்பாவும் மகனும் பைக்கில் கேபினெட்டை நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஐ5-12400எஃப் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 16 ஜிபி ரேம். தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் ஓடுகிறது, சினிமா ஓடுகிறது. கேமைத் திறந்தால் மட்டும் பத்தாவது நிமிடம் திரை இருண்டு, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மூன்று முறை விண்டோஸ் போட்டுப் பார்த்துவிட்டார்கள், ரேமையும் மாற்றிவிட்டார்கள். கார்டில்தான் கோளாறு என்று யாரோ சொல்ல, அதை வாரண்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'எஃப்' என்று முடியும் அந்த பிராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. அதனால் கார்டு திரும்பி வரும்வரை திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கடைசியில் கார்டில் குறையே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அண்ணாச்சி, பேசாம கார்டை வித்துரலாமா?" என்றான் பையன்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ். அதன் மேல் கொட்டை எழுத்தில் 450. உற்றுப் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாட் என்றே இல்லை. அது மாடல் எண்ணாம்! லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டு எண்ணையும் பையனையே பெருக்கச் சொன்னேன். 192 வாட். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன. கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் 117 வரை போகும். இரண்டையும் கூட்டினாலே 287. போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் அதற்கு மேல். சும்மா இருக்கும்போது மொத்த மெஷினும் ஐம்பது அறுபது வாட்டில் ஓடிவிடும். அதனால்தான் விண்டோஸ் வரைக்கும் ஒரு பிரச்சினையும் தெரியவில்லை.

கணக்கைவிட என்னைப் பயமுறுத்தியது கார்டுக்குப் போன ஒயர்தான். அந்தக் கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. அதனால் யாரோ பழைய காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கான 4 பின் மோலக்ஸ் ஒயரில் கன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி இளகியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனால் தீய்ந்த வாடை. அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதைப் போட்டுட்டுதான் உக்காந்திருப்பான்" என்றார்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அட்டையில் உள்ள வாட்டை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று முதலில் பாருங்கள். ஒழுங்கான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், அதாவது 540 வாட். மலிவான சரக்கில் 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களை எல்லாம் கூட்டித்தான் பெரிய எண்ணைக் காட்டுவார்கள். அந்த இரண்டிலும் இன்றைய மெஷின் எடுப்பது கொஞ்சம்தான்.

அப்புறம் 80 பிளஸ் முத்திரை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அது தரத்துக்கான சான்று என்று நினைக்கிறார்கள். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பதற்கான அளவுதான் அது. 115 வோல்ட் சோதனையில், பாதி லோடில், எடுக்கும் மின்சாரத்தில் பிரான்ஸ் 85 சதவீதத்தையும் கோல்டு 90 சதவீதத்தையும் வீணாக்காமல் கணினிக்குத் தர வேண்டும். அந்தச் சோதனையும் 23 டிகிரி அறையில் நடப்பது. எங்கள் ஊர் மே மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே முத்திரையோடு, எத்தனை டிகிரி வெப்பத்தில் முழு வாட்டையும் தரும், வாரண்டி எத்தனை வருடம் என்பதையும் பாருங்கள். நல்ல தயாரிப்புகளுக்கு ஐந்து வருடம், ஏழு வருடம், பத்து வருடம்கூடத் தருகிறார்கள். தயாரித்தவனுக்கே நம்பிக்கை ஒரு வருடம்தான் என்றால் யோசிக்க வேண்டாமா?

இதற்காக எல்லோரும் 1000 வாட் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. 3060 போட்ட மெஷினுக்கு, அதை உருவாக்கிய என்விடியாவே சொல்வது 550 வாட்தான். இன்னொரு பயமும் இருக்கிறது: "650 வாட் போட்டா கரண்ட் பில் எகிறுமே?" வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சாமான்கள் கேட்பதைத்தான் அது இழுக்கும். வீட்டில் பெரிய குடம் இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு குடம் தண்ணீரையும் குடித்துவிடுவதில்லை.

விலை உயர்ந்த சாமான் என்றாலும் ஒயரைச் சரியாக மாட்ட வேண்டும். 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சிலவற்றின் புதிய 16 பின் கனெக்டர் உருகியது நினைவிருக்கலாம். கனெக்டரை முழுதாக அழுத்தாததுதான் காரணம் என்று என்விடியா சொன்னது. சொன்னதோடு விடாமல் அந்த கனெக்டரின் வடிவமைப்பும் பின்னால் திருத்தப்பட்டது. இன்னொன்று, கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், பழையதன் ஒயரைப் புதியதில் செருகிவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். கச்சிதமாகப் பொருந்தும், ஹார்ட் டிஸ்க்கை எரித்தும் விடும்.

கட்டுரையில் யூபிஎஸ், எர்த் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நம் ஊரில் இது இல்லாமல் எப்படி? கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் தருவது 360 வாட் அளவுக்குத்தான். மேலே சொன்ன மெஷினோடு மானிட்டரையும் சேர்த்து, கேம் ஓடும்போது கரண்ட் போனால் அது கத்திவிட்டு அணைந்துவிடும். எர்த் கதை இன்னும் மோசம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று சொல்லும் வீடுகளில் போய்ப் பார்த்தால், மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஒரு தம்பி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு கேம் விளையாடுகிறான். அவனைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது.

சரி, அந்தப் பையன் மெஷினுக்கு 550 வாட் பிரான்ஸ் ஒன்று போட்டேன். நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கேபினெட்டில் கலர் விளக்கு எரியும் நான்கு ஃபேனுக்கு அவர்கள் செலவழித்ததும் கிட்டத்தட்ட அதே தொகைதான். அன்று சாயங்காலம் என் கடையிலேயே இரண்டு மணி நேரம் கேம் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பையன் எழுந்தான்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை அவர்கள் என்னிடமே விட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தேன். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் அதை வடிகட்டும் கம்பிச் சுருள் (காயில்) இருக்க வேண்டும். அதற்கான இடம் போர்டில் அச்சிட்டபடி காலியாகக் கிடக்க, குறுக்கே இரண்டு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இப்போது அது என் மேசை மேல்தான் இருக்கிறது. 'ஏதாவது ஒண்ணு போடுங்க' என்று சொல்லி வருகிறவர்களிடம் ஒரு கையில் அதையும் இன்னொரு கையில் புதியதையும் கொடுத்து எடை பார்க்கச் சொல்கிறேன். அடுத்த முறை இப்படிப் பட்டியல் வெளியிடும்போது எஸ்எம்பிஎஸ் வரியில் 12 வோல்ட் ஆம்பியருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூடவே போட இந்தத் துண்டுக் கம்பியின் படம் வேண்டுமானால் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்,
விருதுநகர்.